தாமரை தீட்டப் பழகுவோம்

(நம் ஆலயத்தில் நவராத்திரி விழாவின் எட்டாம் நாள் இரவு, கலைமகள் வழிபாட்டிற்குப் பின் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கலைமகளுக்கு உரிய இந்த நன்னாளில் ஒரு கலையைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று ஆலயச் செயலாளர் என்னைப் பணித்தபோது நான் பெரிதும் தயங்கினேன். நான் ஓவியன் அல்லேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை பயின்று, புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, பின்னர் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவன். தூரிகையை முறையாகக் கையில் பிடித்தபோது எனக்கு அகவை நாற்பத்து மூன்று. இன்று நாற்பத்தாறு. மூன்றே ஆண்டுப் பயிற்சி உடையவன் கலை பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "தொடக்க நிலையில் உள்ளவர்களுக்குத் தொடக்க நிலையில் உள்ளவரே சொல்லட்டும்" என்றார் செயலாளர். அவர் வாக்கைத் தட்ட இயலாமல் இங்கே நிற்கின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், மையாலும் நீர்வண்ணத்தாலும் தாமரை மலரைத் தீட்டுவது எவ்வாறு என்பதாகும். ஆயினும் அதற்கு முன், இப்பொருளை நான் தேர்ந்ததன் காரணத்தை மறைக்காமல் கூறிவிடுவது கடமை எனக் கருதுகின்றேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில், நவராத்திரியை ஒட்டித் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி ஒன்று நடைபெற்றது. தலைப்பு 'தாமரை'. நீதிபதிகளுள் ஒருவனாக அடியேனும் அமர்ந்திருந்தேன். வந்திருந்த படங்கள் ஏறத்தாழ எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நடுவே ஓர் இதழ், இரு புறமும் சமமாக மும்மூன்று இதழ்கள், கீழே பச்சை நிறத்தில் இரண்டு இலைகள், நீலக் கோடுகளாக நீர். அவற்றுக்கிடையே நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படம் மட்டும் வேறாக இருந்தது. அவள் வரைந்த இலை கிழிந்து, ஓரம் பழுப்பேறித் தொங்கியது. பூவில் இரண்டே இதழ்கள் எஞ்சியிருந்தன. பக்கத்தில் வளைந்த தண்டின் நுனியில் ஏதோ ஒன்று தலைகவிழ்ந்து நின்றது.

"இது என்னம்மா?" என்று கேட்டேன். "அங்கிள், எங்க பாட்டி வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டையில இப்படித்தான் இருக்கும்" என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. படத்தைத் திருப்பி, பின்புறத்தில் சிவப்பு மையால், 'பூசைக்கு உரிய மலர் வாடியிருத்தல் கூடாது' என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன். கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய கை அல்லவா? பரிசு பெற்ற பிள்ளைகளை வாழ்த்திப் பேசிவிட்டு, உணவருந்தி, வீடு திரும்பினேன். அச்சிறுமி அதன்பின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரவில்லை என்பதுகூட எனக்கு நெடுநாள் தெரியாது.

அன்று நான் எழுதியது எத்துணைப் பிழை என்பதை எனக்கு உணர்த்தியது தாமரையேதான். அது எவ்வாறு என்பதைக் கூறுகின்றேன்.

முத்திரையும் மலரும்

என் அலுவலகத்தில் மூத்த அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற சீன நண்பர் ஒருவர் ஓய்வுக்காலத்தில் மையோவியம் தீட்டி வந்தார். அவர் இல்லத்திற்கு ஒருமுறை சென்றிருந்தபோது, சுவரில் தாமரைப் படம் ஒன்றைக் கண்டு வியந்து நின்றேன். கறுப்பு மை ஒன்றே. ஆயினும் ஈரமான இலையும் வெயில் பட்ட இதழும் அதில் தெரிந்தன. "எனக்கும் கற்றுத் தருவீர்களா?" என்றேன். அவர் ஒரு தாளைத் தந்து, "முதலில் உங்களுக்குத் தெரிந்த தாமரையை வரைந்து காட்டுங்கள்" என்று மலாய் மொழியில் சொன்னார்.

எனக்கென்ன குறை? நான் தாமரையோடு வளர்ந்தவன் அல்லவா? எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பீடத்தில் தாமரை; நாட்காட்டியில் இலக்குமியின் திருவடியில் செந்தாமரை, கலைவாணியின் கீழே வெண்தாமரை; வெள்ளிக்கிழமைகளில் என் தாயார் இட்ட இதயகமலக் கோலத்தில் தாமரை. ஆகவே எட்டு இதழ்களோடு ஒன்றை விரைவாக வரைந்து நீட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நம் அலுவலக ரப்பர் முத்திரை போன்றது. எங்கே குத்தினாலும் ஒரே மாதிரி விழும். நீங்கள் தாமரையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு தாமரையின் அருகே ஐந்து நிமிடம் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகின்றேன். பீடத்துத் தாமரையும் கோலத்துத் தாமரையும் குறையுடையன என்று நான் கூறவில்லை. அவை வழிபாட்டுக்காக அளவோடும் ஒழுங்கோடும் அமைக்கப்பெற்றவை. சிற்பி இதழ்களைச் சமமாக வகுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் அந்த ஒழுங்கை முதலில் அமைத்தவன் குளத்தில் மலரைக் கண்டிருப்பான். நாமோ அவன் அமைத்ததை மட்டுமே கண்டு, மலரைக் காணாமலே இருந்துவிட்டோம்.

குட்டைக் கரையில் ஒரு காலைப்பொழுது

"ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். தூரிகை எடுத்துச் செல்ல வேண்டாம்" என்பதே நண்பர் தந்த முதற்பாடம். தாமரைக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பள்ளங்கள் எத்தனை! 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈய விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மழைநீர் தேங்கிய பள்ளங்கள் குட்டைகளாயின. அவற்றுள் சிலவற்றின் ஆழமற்ற ஓரங்களில் இன்று தாமரை மண்டிக் கிடக்கிறது. நம் பெற்றோருள் பலர் உழைத்த மண் அது.

காலை ஏழரை மணிக்குக் கரையில் நின்றேன். நான் அன்று கண்டவற்றை உங்களுக்கும் வரிசையாகச் சொல்கின்றேன். ஏனெனில் ஓவியத்தில் பாதி இதில் அடங்கிவிடுகிறது.

முதலாவது, தாமரை வேறு, அல்லி வேறு. அல்லியின் இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். அது நீரின்மேல் படிந்து கிடக்கும். தாமரை இலையிற் பிளவு இல்லை. குடைக்குக் கம்பி அமைந்ததுபோல் காம்பு இலையின் நடுவே சேர்கிறது. இளம் இலைகள் நீரில் மிதந்தாலும், வளர்ந்தவை நீரை விட்டு மேலெழுந்து நிற்கின்றன. நம் பிள்ளைகள் வரையும் படங்களில் தாமரைப் பூவும் அல்லி இலையும் சேர்ந்திருப்பதை இனிக் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது, இலையின் நரம்புகள் நடுவிலிருந்து புறப்பட்டு விளிம்பை நோக்கி ஓடி, விளிம்புக்குச் சற்று முன்பாகக் கவைகளாகப் பிரிகின்றன. இலை தட்டையாக இருப்பதும் அரிது. ஒன்று கிண்ணம்போல் குழிந்திருக்கும்; மற்றொன்று காற்றில் மடங்கி அடிப்பக்கத்தைக் காட்டும்; இன்னொன்று சுருளாக இன்னும் விரியாமல் இருக்கும். இலைமேல் விழுந்த நீர் ஒட்டாமல் முத்தாக உருள்வதற்கு அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முகடுகளும் மெழுகுப் பூச்சும் காரணம் என்று அறிவியலார் கூறுகின்றனர்.

மூன்றாவது, காம்பு வழுவழுப்பானதன்று. அதில் சிறு முட்கள் உண்டு.

நான்காவது, பூவின் வாழ்வு மூன்று அல்லது நான்கு நாள். முதல் நாள் மொட்டு சற்றே வாய்திறந்து மீண்டும் மூடிக்கொள்கிறது. இரண்டாம் நாள் காலையில் கிண்ணமாக விரிகிறது. மூன்றாம் நாள் முற்றும் மலர்கிறது. அதன்பின் இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர, நடுவிலுள்ள பொகுட்டு மட்டும் எஞ்சுகிறது. கூம்பைத் தலைகீழாக நிறுத்தியதுபோன்ற அதன் தட்டையான முகத்தில் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை. முற்றிய பொகுட்டு பழுப்பு நிறமாகி, காம்பு வளைந்து, நீரை நோக்கித் தலைகவிழ்கிறது.

தலைகவிழ்ந்து நின்ற அந்தப் பொகுட்டை நான் எங்கோ பார்த்திருக்கின்றேன் என்று தோன்றியது. எங்கே என்பது உடனே நினைவுக்கு வந்தது. அச்சிறுமியின் படத்தில். கிழிந்த இலையும் அங்கே இருந்தது. இரண்டு இதழ் மட்டும் எஞ்சிய பூவும் இருந்தது. அந்தக் குழந்தை எதையும் கற்பனை செய்யவில்லை. அந்த மண்டபத்தில் அன்று தாமரையைக் கண்டு வரைந்தவள் அவள் ஒருத்தியே. அவளுக்குத்தான் நான் சிவப்பு மையால் பாடம் எழுதியிருந்தேன்.

வேண்டிய பொருள்கள்

இனி, தொடங்க விரும்புவோர்க்கு வேண்டியவற்றைக் கூறுகின்றேன். மிகக் குறைந்த பொருள்களே போதும்.

மையோவியத்திற்குச் சீனத் தூரிகை இரண்டு வேண்டும். ஆட்டு உரோமத்தால் ஆன மென்மையான பெரிய தூரிகை ஒன்று, இலைக்கும் இதழுக்கும். சற்று விறைப்பான உரோமத்தால் ஆன சிறிய தூரிகை ஒன்று, காம்புக்கும் நரம்புக்கும். மைக்கட்டியை மைக்கல்லில் நீர்விட்டு உரைத்துக்கொள்வது மரபு. தொடக்கத்தில் புட்டியில் விற்கும் சீன மையே போதும். நீர் புகாத வரைகலை மையை மட்டும் வாங்க வேண்டாம். அது தூரிகையில் உறைந்து உரோமத்தைக் கெடுத்துவிடும்.

தாளில் சிறந்தது சுவான் தாள். சீனத்தின் அன்ஹுய் மாநிலத்தில் செய்யப்படும் இதன் கைவினையை 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கடைகளில் அரிசித் தாள் என்பார்கள். அது அரிசியால் ஆனதன்று. ஒருவகை மரப்பட்டையின் நாரும் நெல் வைக்கோலும் சேர்ந்தது. பதப்படுத்தாத சுவான் தாள் மையை உடனே உறிஞ்சிப் பரப்பும். ஆகவே முதல் மாதம் பழைய செய்தித்தாளிலேயே பயிலுங்கள். என் நண்பர் என்னை அவ்வாறே பயிற்றினார். செய்தித்தாளில் தீட்டும்போது, கெட்டுவிடுமே என்னும் அச்சம் கையை விட்டு நீங்கிவிடுகிறது. சுவான் தாளுக்கு மாறியபின் அதன் அடியில் பழைய கம்பளித் துணியை விரித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் தாள் பூஞ்சணம் பிடிக்கும்; நெகிழிப் பையில் சுற்றி வையுங்கள்.

நீர்வண்ணத்திற்கு, 10-ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்றும் 4-ஆம் எண் ஒன்றும், 300 கிராம் கனமுள்ள நீர்வண்ணத் தாளும், பள்ளி வண்ணப் பெட்டியும் போதுமானவை. இரண்டு முறைக்கும் பொதுவாக வெள்ளைத் தட்டு ஒன்றும், தூரிகை கழுவ ஒரு குவளை நீரும், நல்ல நீருக்கு வேறொரு குவளையும், பழைய பருத்தித் துணியும் வேண்டும். வேலை முடிந்ததும் தூரிகையைப் பச்சைத் தண்ணீரில் கழுவி, நுனியைக் கூராக்கி, கிடத்தியோ தொங்கவிட்டோ உலர்த்துங்கள். குவளையில் தலைகீழாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

ஐந்து நிறம்

முதற்பயிற்சி தாமரை அன்று, மையே ஆகும். மையில் ஐந்து நிறம் உண்டு என்பது சீன ஓவியர்களின் மரபு. தட்டில் ஐந்து இடங்களில் மையை வைத்து, முதலாவதில் நீரே இல்லாமலும், அடுத்தடுத்து நீரைக் கூட்டிக்கொண்டும் செல்லுங்கள். கடைசியில் சாம்பல் சாயல் மட்டுமே தெரிய வேண்டும். இந்த ஐந்தையும் வரிசையாகத் தாளில் இட்டுப் பழகுங்கள். உலர்ந்தபின் மை வெளிறிவிடும் என்பதையும் அப்போது அறிவீர்கள்.

அடுத்து இலை. பெரிய தூரிகையை வெளிர் மையில் நன்றாகத் தோய்த்து, நுனியை மட்டும் அடர் மையில் தொட்டு, தூரிகையைப் படுக்கவைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி ஐந்தாறு வீச்சுகளில் இலையை அமையுங்கள். வீச்சுகளுக்கிடையே சிறிது வெள்ளை விடுங்கள். ஒளி அங்கே வந்து தங்கும். இலை முற்றும் உலர்வதற்கு முன், பாதி ஈரமாக இருக்கும்போது, சிறிய தூரிகையால் அடர் மையில் நரம்புகளை இழுங்கள். மிக ஈரமாயின் நரம்பு கரைந்துவிடும். முற்றும் உலர்ந்தால் கம்பிபோல் விறைத்து நிற்கும். இந்தப் பதம் கைவரும்வரை மின்விசிறியை நிறுத்திவைப்பது நல்லது.

பின் இதழ். தூரிகையை வெளிர் சிவப்பு நீரில் தோய்த்து, நுனியில் மட்டும் அடர் சிவப்பை எடுங்கள். தூரிகை நுனி இதழின் நுனியில் பட வேண்டும். அங்கே வைத்து, மெல்ல அழுத்தி, இதழின் அடிப்பக்கமாக இழுத்து, தூக்கிவிடுங்கள். அதனருகே மற்றொரு வீச்சு. இரண்டும் சேர்ந்து ஓர் இதழ். நுனியில் அடர்ந்த சிவப்பு அடிநோக்கி வெளிறிக்கொண்டே போகும். தாமரை இதழின் இயல்பே அது. நமக்கு அருகிலுள்ள இதழை முதலில் தீட்டுங்கள். பக்கவாட்டில் உள்ளவை அடுத்து. பின்னால் இருப்பவை, முன்னிதழ்களுக்கு மேலாக எட்டிப்பார்ப்பனபோல், இறுதியில். எல்லா இதழும் ஒரே அளவாக அமைந்தால் மீண்டும் ரப்பர் முத்திரை ஆகிவிடும்.

வெண்தாமரைக்கு இதழ்களை வெளிர் மையால் கோடாக மட்டும் வரைந்து, பின்னால் அடர்ந்த இலையை வையுங்கள். நீர்வண்ணத்திலும் அவ்வாறே. வெள்ளை வண்ணம் பூச வேண்டாம். பூவுக்கு உரிய இடத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டுச் சுற்றிலும் பச்சையைத் தீட்டினால், பூ தானாக வெளிவரும். நீர்வண்ணத்தில் வெளிரிலிருந்து அடர்வுக்குச் செல்வது விதி. ஒரு பூச்சு உலரும்வரை அடுத்ததற்குப் பொறுத்திருக்க வேண்டும்.

கடினமானது காம்பு. தூரிகையை நிமிர்த்தி, மேற்புறமாகப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை இயக்கி, கீழிருந்து மேலாக ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். இடையிலே இலை குறுக்கிட்டால் அந்த இடத்தில் தூக்கி, அப்பால் தொடர வேண்டும். பாதி உலர்ந்தபின் முட்களுக்குப் புள்ளிகள் வைக்கலாம். நான் முந்நூறு காம்புகளுக்குமேல் செய்தித்தாளில் இழுத்தபின்தான் ஒன்று நேராக நின்றது. நடுங்கினால் அந்த நடுக்கம் அப்படியே தாளில் பதிந்துவிடும். அதன்மேல் திரும்பத் தீட்டினால் இன்னும் கெடும்.

இந்த இடத்தில்தான் என் போன்ற அலுவலகக் கைகள் தடுமாறும். எழுத்தர்க்குத் திருத்தும் வெள்ளை மை உண்டு. கணினியில் அழிக்கும் விசை உண்டு. சுவான் தாளில் இவை இரண்டும் இல்லை. இட்ட கோடு இட்டதுதான். அதனால் கை அஞ்சுகிறது. நண்பர் கூறிய மருந்து ஒன்றே: "தூரிகை தாளைத் தொடுவதற்குமுன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். தொட்டபின் யோசிக்காதீர்கள்." நான் அந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்தது அரை நிமிடம்கூட இராது. எழுதியதோ அழியாத மை.

வாடிய தாமரை

சில மாதங்கள் சென்றபின், அச்சிறுமியின் செய்தியை நண்பரிடம் சொன்னேன். அவர் எழுந்து சென்று ஒரு நூலை எடுத்து வந்து காட்டினார். பக்கந்தோறும் வாடிய தாமரை! கிழிந்த இலை, முறிந்த தண்டு, கவிழ்ந்த பொகுட்டு. சீனத்தில் இதுவே தனியொரு பாடுபொருளாக நூற்றாண்டுகளாகத் தீட்டப்பட்டு வருகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவர்களிலே பாதா ஷான்ரென் என்னும் பெயரால் அறியப்படும் ஓவியர் குறிப்பிடத்தக்கவர். அவர் 1626 முதல் 1705 வரை வாழ்ந்தவர். மிங் அரச மரபில் பிறந்தவர். 1644-இல் அந்த அரசு வீழ்ந்தபின் பௌத்தத் துறவியாகிப் பல்லாண்டு வாழ்ந்து, பின்னர் ஓவியராய் நிலைபெற்றார். 1697-ஆம் ஆண்டில், தம் எழுபதாவது அகவையைக் கடந்த நிலையில், ஆற்றோரத்துத் தாமரைகளை ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருளில் மையால் தீட்டினார். அது இன்று தியான்ஜின் அருங்காட்சியகத்தில் உள்ளது. தம் நாட்டையும் குலத்தையும் இழந்த ஒருவர் சாயும் தண்டையும் பெரிய இலையையும் தீட்டும்போது அங்கே வெறும் பூ மட்டும் இருப்பதில்லை.

வாடிய தாமரையில் அழிவு மட்டும்தான் உள்ளதா என்று வினவினால், இல்லை என்பதே விடை. கவிழ்ந்த பொகுட்டினுள் விதை இருக்கிறது. வடகிழக்குச் சீனத்தில் வறண்டுபோன பழைய ஏரிப் படுகையிலிருந்து எடுத்த தாமரை விதை ஒன்றை அறிவியலார் முளைக்கச் செய்தனர். அதன் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் என்று 1995-இல் அறிவித்தனர். மலர்ந்த பூ நான்கு நாளில் உதிர்கிறது. அது வாடிய பின் விட்டுச் சென்ற விதையோ பதின்மூன்று நூற்றாண்டு சேற்றுள் பொறுத்திருந்து முளைக்கிறது.

நாம் அம்பாள் திருவடியில் சாத்தும் மலர் புதிதாக இருக்க வேண்டும் என்பது ஆகம வழக்கு. அதில் எனக்கு மறுப்பில்லை. பூக்கூடையின் விதியைக் குழந்தையின் தாளுக்கு விதித்ததே என் பிழை. குளத்தில் தாமரையைப் படைத்தவளும் அம்பாளே. மொட்டும் அவளுடையது, வாடியதும் அவளுடையது.

ஒரு மன்னிப்பும் ஒரு வேண்டுகோளும்

அன்பர்களே, சென்ற ஆடி வெள்ளியில் அன்னதான வரிசையில் அச்சிறுமியையும் அவள் தாயாரையும் கண்டேன். அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் பயில்கிறாள். நான் அருகே சென்று, நான்கு ஆண்டுகளுக்குமுன் எழுதிய குறிப்பு தவறானது என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். தாயார் பெருந்தன்மையோடு, "பரவாயில்லைங்க ஐயா" என்றார். அப்பெண் மட்டும் ஒன்றும் பேசவில்லை. "அந்தப் படம் உன்னிடம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "இல்லை அங்கிள். அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். "இப்போது வரைகிறாயா?" என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தாள். இல்லை என்னும் அசைப்பு அது.

நான் அவளுக்கு ஈடு செய்ய இயலாது. ஆனால் மற்றொரு பிள்ளைக்கு இது நேராமல் காக்க இயலும். ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்தேன். அவற்றை அவர்கள் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டனர் என்பதை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கின்றேன்.

முதலாவது, அடுத்த ஆண்டு முதல் ஓவியப் போட்டிக்கு முன்னர் பிள்ளைகளை ஒருநாள் காலை தாமரைக் குட்டைக்கு அழைத்துச் செல்வது. பெற்றோர் கட்டாயம் உடன் வர வேண்டும். ஈயக் குட்டைகள் கரையிலிருந்தே திடீரென ஆழமாகும். ஓரத்து மணல் சரியும். எந்தப் பிள்ளையையும் தனியே நீரருகே விடலாகாது.

இரண்டாவது, பிள்ளைகளின் படத்தின்மேல், முன்புறமாயினும் பின்புறமாயினும், நீதிபதிகள் எதையும் எழுதக்கூடாது. சொல்ல வேண்டியதைப் பிள்ளையை அருகழைத்து, முதலில் அது சொல்வதைக் கேட்டு, பின்னர் வாயால் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விழா முடிந்த மறுவாரம் முதல் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், தேவார வகுப்பு முடிந்தபின், இம்மண்டபத்தின் பின்பகுதியில் தாமரை தீட்டும் பயிற்சி நடைபெறும். கட்டணம் இல்லை. என் சீன நண்பர் முதல் இரண்டு வாரம் வந்து கற்பிக்க இசைந்துள்ளார். பிள்ளைகள் மட்டுமன்றிப் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வரலாம். நாற்பத்து மூன்றில் தொடங்கியவன் சொல்கின்றேன், எந்த அகவையும் தாமதமன்று. வரும்போது வெள்ளைத் தட்டு ஒன்று, பழைய துணி ஒன்று, ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். தூரிகையும் மையும் இங்கே இருக்கும்.

அப்பெண்ணின் தாயாரிடமும் இச்செய்தியைச் சொல்லியிருக்கின்றேன். அவள் வந்தால் மாணவியாக அமர வேண்டியதில்லை. தாமரையை எங்களுக்கு முன்பே கண்டவள் அவள். அவள் வருவாளா என்பது எனக்குத் தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும், முதல் நாள் ஓர் இருக்கையும், ஒரு தட்டும், ஒரு தூரிகையும் அவளுக்கென எடுத்து வைத்திருப்பேன்.

வெண்தாமரையில் வீற்றிருக்கும் கலைமகளின் திருவருள் நம் பிள்ளைகளின் கண்ணிலும் கையிலும் நிறைந்திட வேண்டி விடைபெறுகின்றேன்.